ஒரே பாட்டில் தேன், வீட்டில் நாலு பேர்: யாருக்குக் கொடுக்கலாம்?

காவிரிக்கரை மகள்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன், வலங்கைமான் பக்கம். பையன் பிறந்து 45 நாள் ஆகிறது, விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் பிறந்தான். அந்தச் சதுர்த்திக்குத் திருப்புறம்பியம் பிள்ளையாருக்குத் தேன் அபிஷேகத்துக்குக் கொடுக்கவென்று சித்தப்பா வாங்கி வந்ததில் ஒரு முழு பாட்டில் மீதி இருக்கிறது. சாமிக்கு வாங்கியது, அதனால் சுத்தமான தேன்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை. இப்போது அந்தப் பாட்டிலை வைத்துத்தான் தினமும் பேச்சு.

அப்பாயிக்கு 82 வயது. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றும் நாளில் உரைகல்லில் ஜாதிக்காய், மாசிக்காய், வசம்பு மூன்றையும் உரைத்து, தேனில் குழைத்து நாக்கில் தடவ வேண்டும் என்கிறார். பிறந்த அன்றைக்கே மோதிரத்தைத் தேனில் தொட்டுச் சேனை வைக்கக் கேட்டார், ஆஸ்பத்திரியில் நர்ஸ் விடவில்லை, அந்த வருத்தம் அவருக்கு இன்னும் போகவில்லை. "ஒங்கப்பனுக்கும் நாந்தான் வச்சேன், ஒனக்கும் நாந்தான் வச்சேன், ரெண்டு பேரும் என்ன கெட்டாப் போயிட்டீங்க?" என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவரை எதிர்த்துப் பேசவும் மனசு வரவில்லை, பிரசவத்துக்கு வந்த நாளிலிருந்து எனக்கு வெந்நீர் போட்டுக் கொடுப்பதே அவர்தான்.

அப்பாவுக்குப் 11 வருஷமாகச் சர்க்கரை. காலையில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து 2 ஸ்பூன் தேன், சாயங்காலம் டீயில் சீனிக்குப் பதிலாக 2 ஸ்பூன் தேன். இயற்கையானது, ஏற்றாது என்று யாரோ சொன்னார்களாம்.

பெரியவளுக்கு 4 வயது. ஒரு வாரமாக இருமல், ராத்திரியானால் தூங்க முடியவில்லை. இருமல் மருந்து வாங்கப் பயமாக இருக்கிறது. அவளுக்குத் தேன் கொடுக்கலாமா? அப்புறம் நான் பால் கொடுக்கிறேன், நான் தேன் சாப்பிட்டால் பால் வழியாகக் குழந்தைக்குப் போகுமா?

ஓய்வுபெற்ற செவிலியம்மா

மகளே, நான் 31 வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள், பெரும்பாலும் நீடாமங்கலம் பக்கத்துக் கிராமங்கள்தான். முதலில் குழந்தை விஷயத்தைப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஒரு வயது முடிகிற வரை தேன் ஒரு துளி கூட வேண்டாம். நாக்கில் தடவுவதும் வேண்டாம், மருந்தில் குழைப்பதும் வேண்டாம், சூப்பானில் தொட்டு வைப்பதும் வேண்டாம். காரணம் தெரிந்தால்தான் அப்பாயிக்கு எடுத்துச் சொல்ல முடியும், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். மண்ணிலும் தூசியிலும் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்று ஒரு கிருமி உண்டு. அது விதை மாதிரி கெட்டியான உறைக்குள் உறங்கிக் கிடக்கும், அந்த நிலையில் தேனுக்குள் போய்விட்டால் அங்கே வளராது, ஆனால் சாகவும் சாகாது. நாம் அந்தத் தேனைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, நம் குடலில் ஏற்கெனவே குடியிருக்கிற நல்ல கிருமிகள் அதை முளைக்க விடாது, வந்த வழியே வெளியே போய்விடும். கைக்குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. அங்கே அது முளைத்து நஞ்சை விடும், அந்த நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குப் போகிற சேதியைத் தடுத்துவிடும், குழந்தை துவண்டுபோகும். 1976-ல் அமெரிக்காவில்தான் இதைத் தனி நோயாகக் கண்டறிந்தார்கள். அபூர்வமான நோய்தான். தேன் வைத்த பிள்ளை எல்லாவற்றுக்கும் வருவதில்லை, உங்கள் அப்பாயி வைத்த பிள்ளைகள் நன்றாக வளர்ந்தது உண்மைதான், அதை மறுத்துப் பேசாதீர்கள். ஆனால் வந்துவிட்டால் மூச்சு இழுக்கக் கூடத் தெம்பில்லாமல் குழந்தை வெண்டிலேட்டரில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு துளியால் குழந்தைக்கு ஒரு நன்மையும் கிடையாது, பிறகு எதற்காக அந்த ஆபத்தை வாங்க வேண்டும்?

எங்காவது யாராவது தெரியாமல் வைத்துவிட்டால் பதறவும் வேண்டாம், அடுத்த சில வாரம் கவனமாகப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் மலம் கட்டும். அப்புறம் பால் சப்புகிற வேகம் குறையும், அழுகைச் சத்தம் பூனைக்குட்டி மாதிரி மெலிந்துபோகும், கண் இமை பாதி மூடியே இருக்கும், தூக்கினால் கழுத்தும் கையும் துணி மாதிரி தொங்கும். இதில் எதைப் பார்த்தாலும் காலை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, தேன் வைத்ததை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று மறைப்பவர்கள் உண்டு.

உரைமருந்து வேறு இருக்கிறதே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர் கூடக் கிடையாது. வசம்பு வயிற்றுக்குள் போனால் கைக்குழந்தைக்கு வாந்தி வரலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுக்குப் போனேன், ஒன்பது நாள் குழந்தை, மூன்று நாளாக வயிற்றுப்போக்கு, உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்கள். திண்ணையில் பாலாடைச் சங்கு ஒன்று கவிழ்ந்து கிடந்தது, அதன் மூக்கில் பழைய சீனித்தண்ணீர் காய்ந்து ஒட்டி எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்தச் சங்கை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

நீங்கள் தாராளமாகத் தேன் சாப்பிடலாம். அந்தக் கிருமியோ நஞ்சோ தாய்ப்பாலில் இறங்குவதில்லை. ஆனால் அதே விரலோடு குழந்தை வாயைத் தொடாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்குங்கள்.

பெரியவளுக்குக் கொடுக்கலாம். படுக்கப்போகும் அரைமணி நேரத்துக்கு முன் அரை ஸ்பூனிலிருந்து ஒரு ஸ்பூன், சின்ன டீஸ்பூன், அப்படியே நாக்கில் விட்டு மெதுவாக விழுங்கச் சொல்லுங்கள், அல்லது இளஞ்சூட்டு நீரில் கலந்து கொடுங்கள். தேன் சளியைக் குணப்படுத்துவதில்லை. தொண்டையில் ஒரு படலம் மாதிரி படிந்து எரிச்சலைத் தணிக்கும், இருமல் கொஞ்சம் அடங்கிக் குழந்தை தூங்கும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு 2018-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் ஒன்றும் கொடுக்காததை விடத் தேன் மேல் என்றுதான் சொன்னது. அடுத்த வருஷம் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் எழுதுகிற நைஸ் அமைப்பும் சாதாரண இருமலுக்கு முதலில் தேனைப் பாருங்கள் என்று எழுதியது, ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். இருமல் மருந்துக்குப் பயப்படுவதும் சரிதான், 2 வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது, 5 வயது வரையில் பொதுவாக வேண்டாம் என்று இந்த 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையே சொல்லியிருக்கிறது. கொடுத்த பிறகு பல் துலக்க வையுங்கள், தேனும் பல்லைச் சொத்தையாக்கும். காய்ச்சல் விடாமல் இருந்தால், விலா உள்ளே இழுத்து மூச்சு வாங்கினால், சாப்பிட மறுத்தால், தேனைத் தள்ளி வைத்துவிட்டு டாக்டரிடம் போய்விடுங்கள். இரண்டு வாரம் தாண்டின இருமலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிக் காசநோய்க்கும் பார்த்துவிடுவது நல்லது.

திருவையாற்றுப் பேரன்

செவிலியம்மா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனாலும் ஒரு சந்தேகம். என் தாத்தா நாட்டு வைத்தியர், எங்கள் வீட்டில் சூரணம் எதுவும் தேன் இல்லாமல் நாக்குக்குப் போனதில்லை. திரிகடுகமாகட்டும், தாளிசாதியாகட்டும், அனுபானம், அதாவது மருந்தைக் குழைத்துக் கொடுக்கிற துணைப்பொருள், தேன்தான். கடையில் விற்கிற பாகுத் தேனில் கிருமி இருக்கலாம், சரி. கொல்லிமலையிலிருந்தோ ஜவ்வாது மலையிலிருந்தோ வருகிற சுத்தமான மலைத்தேனிலுமா? காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தாலும் ஆகாதா?

தென்னந்தோப்புக்காரன்

தம்பி, இதற்கு நான் பதில் சொல்கிறேன், பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பில் பெட்டி வைத்துத் தேன் எடுக்கிறவன். சுத்தமான தேனாக இருந்தாலும் அந்தக் கிருமி இருக்கலாம், ஏனென்றால் அது மனிதன் கலக்கிற கலப்படம் இல்லை. தேனீ எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? எங்கள் தோப்பில் வாய்க்கால் ஓரத்து ஈரச் சேற்றில் உட்கார்ந்துதான் உறிஞ்சும், வெயில் நேரத்தில் வரிசையாக இருபது முப்பது உட்கார்ந்திருக்கும், வால் பக்கம் மட்டும் ஏறி இறங்கும். அந்தக் காலோடுதான் அடைக்குப் போகிறது. மலைத்தேனுக்கும் பெட்டித் தேனுக்கும் இதில் வித்தியாசம் கிடையாது. காய்ச்சுவதும் பிரயோஜனமில்லை, அந்த விதை கொதிக்கிற தண்ணீருக்கே அசையாது. நான் காய்ச்சினால் தேன்தான் வாசனை போய்க் கருத்துப்போகும். எங்கள் தோப்புக்கு வந்து கைக்குழந்தைக்கு என்று யாராவது கேட்டால் நான் பாட்டிலை எடுத்துக் கொடுப்பதில்லை.

பெரியவர்களுக்கு என்றால் நல்ல தேனைப் பார்த்து வாங்குங்கள். அடையில் அறையை மெழுகால் மூடிய பிறகு எடுத்தால்தான் தேன் முற்றியிருக்கும். அவசரப்பட்டு மூடாத அடைச் சட்டத்தைப் பிழிந்தால் தண்ணீர் அதிகம் இருக்கும், நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு இரண்டு மாதத்தில் நுரைத்துப் புளித்துவிடும். தேனில் ஈரம் நூற்றுக்கு 20-க்கு மேல் போகக்கூடாது என்பதுதான் விதி. ஈர ஸ்பூன் போடாதீர்கள், மூடியை இறுக்கி வையுங்கள், பிரிட்ஜ் வேண்டாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தேனீ வெளியே போக முடியாது, அப்போது அது பட்டினியில் சாகாமலிருக்க நாங்கள் சர்க்கரைப்பாகு வைப்போம். அது தவறில்லை. ஆனால் அந்தச் சமயத்தில் பெட்டியைப் பிழிந்து விற்றால் அது தேன் இல்லை, தேனீ வாய் வழியாக வந்த சர்க்கரைப்பாகு. தை பிறந்து வயலில் உளுந்தும் எள்ளும் பூத்து, அப்புறம் வேம்பும் புங்கனும் பூத்து வருகிற தேன்தான் தேன். 2018 கஜா புயலில் எங்கள் பக்கம் தென்னை மொத்தமும் சாய்ந்தது, பெட்டிகளும் போயின. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் ஒரு பாட்டில் கூட விற்கவில்லை, பாகு வைத்துப் பிழிந்து விற்க மனசு இடம் கொடுக்கவில்லை.

தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது, நாய் நக்குமா என்று பார்ப்பது, இதையெல்லாம் நம்பாதீர்கள். கெட்டியான பாகு எதுவாக இருந்தாலும் தண்ணீரில் அடியில்தான் போய் உட்காரும். 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள சி.எஸ்.இ. என்கிற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு 13 பிராண்டுகளைச் சோதித்ததில் 3 மட்டும்தான் எல்லாச் சோதனையிலும் தேறின. ஆய்வகத்தின் சாதாரணச் சோதனைகளையே ஏமாற்றும்படி பாகு தயாரிக்கிறார்கள், தீக்குச்சி என்ன செய்யும்? குளிரில் உறைந்து சீனி மாதிரி ஆனால் மட்டும் கலப்படம் என்று எறிந்துவிடாதீர்கள், நல்ல தேனும் உறையும். பாட்டிலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தால் இளகிவிடும்.

வடுவூர் ஏரிக்கரை

சகோதரி, உங்கள் அப்பா விஷயத்துக்கு நான் வருகிறேன், நானும் அதே தப்பைச் செய்தவன். ரேஷன் சீனியை நிறுத்திவிட்டேன், இனிமேல் தேன்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு நாலு மாதம் காலையும் மாலையும் குடித்தேன். மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்.பி.ஏ.1.சி. 7.4-ல் இருந்தது 8.9-க்குப் போய்விட்டது. டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார், தேன் என்றேன், வீட்டு ஸ்பூனைக் கொண்டுவரச் சொன்னார்.

அவர் காட்டிய கணக்கு எனக்கு அப்படியே மனதில் நின்றுவிட்டது. ஒரு டீஸ்பூன் சீனி 4 கிராம். அதே ஸ்பூன் தேன் 7 கிராம், ஏனென்றால் தேன் கனமானது. 100 கிராம் தேனில் சுமார் 80 கிராம் சர்க்கரைதான், பிரக்டோஸும் குளுக்கோஸும், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ஆக ஒரு ஸ்பூன் தேனில் ஏறக்குறைய ஐந்தரை கிராம் சர்க்கரை, சீனியை விடக் கூடுதல். ஸ்பூனுக்கு ஸ்பூன் மாற்றினால் நாம் குறைக்கவில்லை, ஏற்றிக்கொண்டிருக்கிறோம். உங்கள் அப்பா குடிக்கிற 4 ஸ்பூனில் மட்டும் 22 கிராம் சர்க்கரை போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் கொடுத்த வழிகாட்டுதலில் தேனையும் சீனியோடு சேர்த்துத்தான் எண்ணுகிறது, அதுவும் சர்க்கரை நோய் இல்லாத ஆளுக்கே ஒரு நாளைக்கு மொத்தம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. இரும்பு, சுண்ணாம்புச் சத்து இருக்கிறதே என்பார்கள், இருக்கிறது, ஆனால் ஒரு ஸ்பூனில் வருவது ஒன்றுமே இல்லாத அளவு. ஒரு பிடி முருங்கைக்கீரை அதைவிட எவ்வளவோ மேல்.

எலுமிச்சை வெந்நீரை நிறுத்த வேண்டாம், அதில் தேனை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். தேன் கொழுப்பைக் கரைக்காது, வெறும் வயிற்றில் முதல் வேலையாகச் சர்க்கரையை ஏற்றும், அவ்வளவுதான்.

ஆனால் பாட்டிலை எட்டாத இடத்தில் ஒளித்தும் வைக்காதீர்கள். அப்பா இன்சுலினோ மாத்திரையோ போட்டுக்கொண்டு வயலுக்குப் போய், சாப்பாடு தாமதமாகிச் சர்க்கரை இறங்கிவிட்டால், கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், கண் இருட்டும், அப்போது ஒரு மேசைக்கரண்டி தேன் உடனே கைகொடுக்கும். கால் மணி நேரம் கழித்தும் தெளியவில்லை என்றால் இன்னொரு கரண்டி, அப்புறம் சாப்பாடு. நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும், 108-தான். நான் அறுப்புக்குப் போகும்போது சின்ன டப்பாவில் தேன் எடுத்துப் போகிறேன், இந்தக் குறுவை அறுப்பில் ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்து அதைக் குடித்த பிறகுதான் எழுந்திருக்க முடிந்தது.

திருவையாற்றுப் பேரன்

தோப்புக்கார அண்ணன் சொன்ன சேற்று விஷயம் புரிந்தது, நான் அப்படி யோசித்ததில்லை. குழந்தை விஷயத்தில் என் வாதத்தை விட்டுவிடுகிறேன். பெரியவர்களுக்கு அனுபானமாக ஒரு அரை ஸ்பூன் என்பது தொடரட்டும். இன்னொன்று, எங்கள் தாத்தா தீப்புண்ணுக்கும் தேன்தான் தடவுவார். என் பெரியப்பாவுக்கு வயலில் கண்ணாடிச் சில்லு கிழித்துக் காலில் புண், சர்க்கரையும் உண்டு, வீட்டுத் தேனைத் தடவலாமா?

ஓய்வுபெற்ற செவிலியம்மா

வேண்டவே வேண்டாம் தம்பி. தேன் புண்ணை ஆற்றும் என்பது பொய்யில்லை, அதன் புளிப்பும் அதிலிருந்து மெதுவாக ஊறுகிற ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியைக் கொல்லும், ஆஸ்பத்திரியில் தேன் போட்ட கட்டுத்துணியே உண்டு. ஆனால் அது காமா கதிர் பாய்ச்சிச் சுத்தம் செய்த மருத்துவத் தேன். சமையலறைத் தேனில் நான் மேலே சொன்ன கிருமி இருக்கலாம், அது திறந்த புண்ணுக்குள் போகக்கூடாது. சர்க்கரைக்காரர் காலில், அதுவும் சேற்றில் கிழித்த புண், இன்றைக்கே கூட்டிப் போய்க் கழுவிக் கட்டி, தனுர்வாதத்துக்கான டிடி ஊசியும் போட்டு வாருங்கள்.

மகளே, அப்பாயிக்கு ஒரு யோசனை. அவருக்குத் தேன் முக்கியமில்லை, பிள்ளைக்குத் தன் கையால் ஒன்று செய்ய வேண்டும், அதுதான் ஆசை. மோதிரத்தைப் பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு தரம் தொட வைத்து எடுத்துவிடச் சொல்லுங்கள், வாயில் வேண்டாம். வசம்பைச் சுட்டு நூலில் கோர்த்துத் தொட்டில் கயிற்றில் உயரக் கட்டட்டும், கையில் கட்ட வேண்டாம், வாயில் வைத்துக்கொள்வான்.

காவிரிக்கரை மகள்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

பெரியவளுக்கு ராத்திரி அரை ஸ்பூன் கொடுத்தேன், முதல் நாள் வித்தியாசம் தெரியவில்லை, நேற்று ஒரே ஒரு தடவைதான் எழுந்து இருமினாள். அப்பாவிடம் ஏரிக்கரை அண்ணன் சொன்ன கணக்கைச் சொன்னேன், நம்பவில்லை. சமையலறைத் தராசில் முதலில் ஒரு ஸ்பூன் சீனி, அப்புறம் ஒரு ஸ்பூன் தேன் வைத்துக் காட்டினேன். தராசையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார், இன்று காலை வெறும் எலுமிச்சைத் தண்ணீர்தான் குடித்தார்.

அப்பாயியிடம் பேசத்தான் தயங்கினேன். நேற்று எண்ணெய் தேய்த்துவிடும்போது, நீங்கள் வைத்தது தப்பில்லை, அன்றைக்கு இந்தக் கிருமி யாருக்கும் தெரியாது, தேனீ வாய்க்கால் சேற்றில் தண்ணீர் குடிக்கிறது என்று சொன்னேன். "அதான் நானும் பாத்திருக்கேனே" என்றார், கொல்லைப் பக்கம் கிணற்றடியில் வந்து உட்காருமாம். பிறகு மோதிரத்தைக் கழற்றிப் பிள்ளை கையில் வைத்தார், அவன் விரலை மடக்கி இறுகப் பிடித்துக்கொண்டான், விடவில்லை, அப்பாயி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த சதுர்த்தி வரும்போது பையனுக்கு ஒரு வயது முடிந்திருக்கும். திருப்புறம்பியத்துக்கு அவனைத் தூக்கிப் போய், அபிஷேகத்துக்குத் தேன் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தன் கையால் முதல் சொட்டு வைப்பேன் என்று சொல்லியிருக்கிறார். காலண்டரில் தேதி பார்க்கச் சொன்னார், பார்த்துச் சொல்லிவிட்டேன்.